பிள்ளையிடம் தமிழிலேயே பேசுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 3 வயது 2 மாதம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கிராமம். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். நானும் மாமியாரும்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம். ஒன்றேகால் வயதில் ‘அம்மா’, ‘தண்ணி’, ‘காக்கா’ எல்லாம் சொன்னான். பிறகு நின்றுபோனது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் பக்கத்து அறையில் பிஸ்கட் கவரைப் பிரித்தால் ஓடி வருகிறான். பெரா டெஸ்ட் எடுத்தோம், காது நார்மல். எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன் மேல் வைக்கிறான். ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். டிவி விளம்பரத்தை முழுசாகச் சொல்கிறான், ‘அம்மா’ என்று கூப்பிட மாட்டான். நாலு மாதம் முன்பு டாக்டர் ஆட்டிசம் என்றார். வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் தஞ்சாவூர் கூட்டிப்போகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் தெரபி கொடுக்கிறார்கள். உள்ளே அழுகிற சத்தம் கேட்கும். இரண்டு மொழி குழப்பமாம், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பிளஸ் டூ, தமிழ் மீடியம். ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ தவிர எனக்கு ஒன்றும் வராது. அதனால் அவனோடு பேசுவதே குறைந்துபோய்விட்டது. ‘போனைக் குடுத்துக் கெடுத்துட்டே’ என்கிறார் மாமியார். பேச்சு வர வேண்டுமென்று திருக்கோலக்கா கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். சென்னைக்குப் போனால் தினமும் நாலு மணி நேரம் தெரபி கிடைக்குமாம். நகையை வைத்துவிட்டுப் போய்விடலாமா? ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டதா? என் பிள்ளை பேசுவானா?

ஓர் அம்மா, கும்பகோணம் அருகே

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

இன்று ராத்திரி சோறு ஊட்டும்போதே தமிழுக்குத் திரும்பிவிடுங்கள். மற்ற கேள்விகளுக்கு நிதானமாக வருகிறேன், இது மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போக வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கிய வரி, ‘அவனோடு பேசுவதே குறைந்துபோய்விட்டது’ என்பதுதான்.

பேச்சுப் பயிற்சியாளராக இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்கிறேன். ‘வீட்டில் இங்கிலீஷ் மட்டும்’ என்ற இந்த அறிவுரையால் வாயடைத்துப்போன வீடுகள் எத்தனையோ பார்த்துவிட்டேன். தாத்தாவுக்கு இங்கிலீஷ் வராது, அவர் ஒதுங்கிப் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பாட்டி கொஞ்சுவதை நிறுத்திவிடுவாள். அம்மா மனப்பாடம் செய்த பத்து வார்த்தையைக் கட்டளையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். கொஞ்சல் இல்லை, திட்டல் இல்லை, தானாகப் புலம்புவதுகூட இல்லை. பேச்சு வர வேண்டிய பிள்ளையைச் சுற்றிப் பேச்சே இல்லாமல் செய்துவிட்டு, அதற்குப் பயிற்சி என்று பெயர் வைப்பது கொடுமை. அந்த மையத்தில் வைத்திருக்கும் பட அட்டைகள் இங்கிலீஷில் இருக்கும், நாளை சேரப்போகும் பள்ளியும் இங்கிலீஷ் மீடியமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். அது அவர்கள் வசதி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் இரண்டு மொழி கேட்டு வளர்பவர்களையும் ஒரே மொழி கேட்டு வளர்பவர்களையும் ஒப்பிட்டுப் பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள். இரண்டு மொழி கேட்டதால் எந்தப் பிள்ளையின் பேச்சும் பின்தங்கிப் போனதாகத் தெரியவில்லை.

அதுவும் தமிழ் இந்த வயதுக்கு வாகான மொழி. வா, போ, தா எல்லாம் ஓரெழுத்து. மூன்றுமே பிள்ளைக்கு உடனே பலன் தருகிற சொற்கள். ‘தா’ என்றதும் கைக்கு முறுக்கு வருகிறது. ‘போ’ என்றதும் பிடிக்காத ஒன்று விலகுகிறது.

இன்னொன்று பாருங்கள். உங்கள் பையன் விளம்பரத்தை அப்படியே ஒப்பிக்கிறான் என்றீர்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் மொழியைச் சொல் சொல்லாகப் பிடிப்பதில்லை, முழுத் துண்டாகப் பிடிக்கிறார்கள். நாம் தினமும் ‘தண்ணி வேணுமா?’ என்று கேட்டுக் கேட்டுக் கொடுக்கிறோம். ஒரு நாள் அவனுக்குத் தாகம் எடுக்கும்போது அவனும் உங்களைப் பார்த்து ‘தண்ணி வேணுமா?’ என்பான். அவன் கேள்வி கேட்கவில்லை, தண்ணீர் கேட்கிறான். அந்தத் துண்டின் நுனியில் நாம் ஒட்டிவைத்த ‘ஆ’வையும் சேர்த்தே எடுத்துக்கொண்டுவிட்டான். ‘சாப்பிடுறியா?’ என்றால் ‘சாப்பிடுறியா’, அதே கதைதான். அதனால் அவன் சொல்ல வேண்டியதை அவன் வாயால் சொல்வதுபோல நீங்களே சொல்லுங்கள். தம்ளரைக் கையில் எடுத்து, ‘தண்ணி தா.’ ஒரு நொடி நிறுத்தி, கொடுங்கள். திரும்பச் சொன்னால்தான் கொடுப்பேன் என்று பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். அவன் ஒற்றைச் சொல் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் இரண்டாகச் சொல்லுங்கள். அவனை விட ஒரு படி மேலே மட்டும் நின்றால் போதும்.

‘இது என்ன? இது என்ன? மாமாவுக்குச் சொல்லு, அத்தைக்குச் சொல்லு’ என்று நம் வீடுகளில் வந்தவர் போனவர் முன்னால் பிள்ளையைப் பரீட்சைக்கு நிறுத்துகிற பழக்கம் உண்டு. கொஞ்ச காலத்துக்கு அதை முழுக்க விட்டுவிடுங்கள்.

இனி, நேரம் கடந்துவிட்டதா என்ற கேள்வி. இல்லை. ஆறு வயதுக்குள் மூளையின் இணைப்புகள் வேகமாக உருவாகின்றன என்பதால்தான் சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்கிறோம். அந்த வயதில் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்து அவர்கள் வழியாகவே பிள்ளையின் தொடர்பை வளர்க்கும் முறையை பிரிட்டனில் 152 பிள்ளைகளிடம் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். அதில் சேர்ந்த பிள்ளைகளின் வயது 2-லிருந்து 4 வருடம் 11 மாதம் வரை. உங்கள் மகன் இன்று அந்த வயதின் நடுவில் நிற்கிறான். அதே பிள்ளைகளைப் பல வருடம் கழித்துத் திரும்பப் பார்த்து 2016-ல் எழுதினார்கள். சின்ன வயதில் கிடைத்த பலன் தேய்ந்துபோகாமல் இருந்தது.

போன் விஷயம். உங்கள் மாமியாரை இந்தப் பகுதியைப் படிக்கச் சொல்லுங்கள், அல்லது வாசித்துக் காட்டுங்கள். போன் கொடுத்ததால் ஆட்டிசம் வராது. 2019-ல் 5 நாடுகளின் பதிவுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதும் இன்னொருவருக்கு இல்லாததுமான வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணுவால் வருவது என்று தெரிந்தது. திரை பார்ப்பதால் வருகிற ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று யூடியூபில் சொல்கிறார்களே, அப்படி ஒரு நோய்ப் பெயர் மருத்துவர்கள் பயன்படுத்தும் எந்தக் கையேட்டிலும் கிடையாது. பெற்றவள் மேல் பழி போடுவது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. 1960-கள் வரை அமெரிக்காவில் பெரிய பெரிய நிபுணர்களே, ‘பாசமில்லாமல் ஃபிரிட்ஜ் மாதிரி குளிர்ந்துபோன தாய்களால்தான் இது வருகிறது’ என்று எழுதினார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளருக்கு ஆட்டிசம் உள்ள மகன் இருந்தான். அவர் 1964-ல் அதை மறுத்து, இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று எழுதிய பிறகுதான் அந்தப் பழி மெல்ல இறங்கியது. அதை மறுபடி உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

போனைக் குறைக்க வேண்டும் என்பது வேறு காரணத்துக்காக. அவன் அதைப் பார்க்கும் நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். 2 வயதிலிருந்து 5 வயது வரை ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதுவும் பெரியவர் கூட உட்கார்ந்து, என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். திடீரென்று பிடுங்கினால் வீடு ரெண்டுபடும். சாப்பாட்டு நேரத்தில் முதலில் நிறுத்துங்கள். அங்கே போட்டிக்கு உங்களிடம் சோறு இருக்கிறது.

‘தடுப்பூசி போட்டதால்தான் பேச்சு நின்றது’ என்றும் யாராவது சொல்வார்கள். அப்படி எழுதிய 1998-ஆம் வருடக் கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பார்த்தும் தொடர்பே இல்லை என்று 2019-ல் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஊசியைத் தவறாமல் போடுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். ஆரம்ப நிலைப் பயிற்சி, எர்லி இன்டர்வென்ஷன் என்றெல்லாம் சொல்கிறார்களே, இந்த வயதில் அதன் உயிர்நாடி எது தெரியுமா? இரண்டு பேர் சேர்ந்து ஒரே பொருளைப் பார்ப்பது. பேச்சு அதற்கு அப்புறம் வருகிறது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் நிலாவைக் காட்டி விளையாடக் கூப்பிடுவதற்கென்றே அம்புலிப் பருவம் என்று ஒன்று வைத்தார்கள். அம்மா விரல் நீட்டுகிறாள், பிள்ளை விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் இடத்தைப் பார்க்கிறது, பார்த்துவிட்டுத் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. ‘நீயும் பார்த்தியா?’ என்பதுதான் அந்தத் திரும்பல். மற்ற பிள்ளைகளுக்கு இது தானாக வந்துவிடும். உங்கள் பையனுக்கு அந்தத் திரும்பலை நாம் விளையாட்டாகக் கட்டிக்கொடுக்க வேண்டும்.

உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போகிறான் என்று வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தி. தனக்கு வேண்டியதை இன்னொருவர் மூலமாக வாங்க முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது உங்கள் கை மட்டும் தெரிகிறது, அந்தக் கைக்குச் சொந்தக்காரியின் முகம் தெரியவில்லை. அடுத்த தடவை இழுத்துப்போகும்போது போங்கள். ஃபிரிட்ஜின் முன்னால் நின்றதும் சட்டென்று அவன் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். முகத்தை அவன் பார்வைக்குக் கொண்டுபோங்கள். அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள். ஒரு ஓரப்பார்வை விழுந்தாலும் போதும், ‘தா’ என்று சொல்லித் திறந்து கொடுங்கள்.

இனி ஒரு விளையாட்டு. பாட்டிக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும். உள்ளங்கையில் பருப்புக் கடைவார்களே, அதுதான். பிள்ளையை மடியில் எதிரும் புதிருமாக உட்கார வையுங்கள், முகம் தெரிய வேண்டும். உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடையுங்கள். உப்புப் போடுங்கள், நெய் ஊற்றுங்கள், ஒவ்வொரு விரலாக மடக்கி ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுங்கள். கை கழுவிவிட்டு, நண்டு ஊருகிற மாதிரி உங்கள் இரண்டு விரல்கள் மணிக்கட்டிலிருந்து மேலே ஏறட்டும். அக்குளில் போய்க் கிச்சுக்கிச்சு. இதை நாலு தடவை, ஐந்து தடவை, ஒரே மாதிரி, ஒரே ராகத்தில் செய்யுங்கள். அடுத்து என்ன வரும் என்று அவனுக்கு மனப்பாடம் ஆக வேண்டும். பிறகு ஒரு தடவை நண்டை முழங்கையில் நிறுத்திவிடுங்கள்.

நிறுத்திவிட்டு ஒன்றும் சொல்லாதீர்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள், வேண்டுமானால் பத்து. நம் ஆட்களுக்கு இந்த இடம்தான் கஷ்டம். இரண்டு நொடியில் ‘சொல்லு, சொல்லு’ என்று ஆரம்பித்துவிடுவோம். கண்ணை அகலமாக வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்து, காத்திருங்கள். அவன் ஏதாவது செய்வான். உடம்பை உங்கள் பக்கம் சாய்ப்பான், தோளைக் குறுக்குவான், ‘ம்’ என்பான், உங்களை ஒரு நொடி பார்ப்பான். அந்த நொடியிலேயே நண்டு அக்குளுக்கு ஓட வேண்டும். அவன் கேட்டான், நீங்கள் கொடுத்தீர்கள். என்னிடம் வந்த ஒரு பையனின் பாட்டி இதைச் செய்தபோது முதல் இரண்டு நாள் அவன் ஒன்றுமே செய்யவில்லை. மூன்றாம் நாள், நின்றுபோன அவள் விரலைத் தானே எடுத்துத் தன் முழங்கையில் திரும்ப வைத்துவிட்டு, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பாட்டி விளையாட்டை மறந்து அழ ஆரம்பித்துவிட்டார். அமெரிக்காவில் டென்வர் முறை என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குப் பிடித்த தொடுவிளையாட்டை நடுவில் நிறுத்திக் காத்திருப்பது அதில் முக்கியமான பாடம். நம் வீட்டுக் கூடத்தில் அது எப்போதும் இருந்திருக்கிறது. நிறுத்தத்தை மட்டும் நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

ஃபேனையும் விடாதீர்கள். அதிலிருந்து அவனைப் பிடித்து இழுப்பதற்குப் பதில் பக்கத்தில் பாயில் படுத்து நீங்களும் அண்ணாந்து பாருங்கள். ‘சுத்துது, சுத்துது.’ சுவிட்சை அணையுங்கள். ‘நின்னுடுச்சு.’ இப்போது காத்திருங்கள். நிலாவுக்கு முன்னால் ஃபேன், அவனுக்கு அதுதான் அம்புலி.

இப்படிக் கால் மணி நேரம், பத்து நிமிடம், ஒரு நாளில் ஐந்தாறு முறை. தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. குளிக்க வைக்கும்போது சொம்பைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தலாம். சட்டை மாட்டும்போது தலை பாதி நுழைந்ததும் நிறுத்தலாம். முறுக்கை அவனால் திறக்க முடியாத கண்ணாடி டப்பாவில் போட்டு, கண்ணில் படும்படி வைக்கலாம். மிக்ஸிக்கு, போடுவதற்கு முன்னால் காட்டிச் சொல்லுங்கள், ‘மிக்ஸி, சத்தம் வரும்.’ அறைக்கு வெளியே பாட்டியோடு நிற்கட்டும். கொஞ்ச நாளில் சுவிட்சை அணைக்கிற வேலையை அவனுக்கே கொடுங்கள். சத்தம் தன் விரலால் நிற்கும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும். பழகட்டும் என்று வேண்டுமென்றே பக்கத்தில் நிறுத்தி ஓட்டாதீர்கள். அந்தச் சத்தம் அவனுக்கு நிஜமாகவே வலிக்கிறது.

இதையெல்லாம் வைத்துச் சென்னைக் கணக்கைப் பாருங்கள். இப்போது அவனுக்கு மையத்தில் கிடைப்பது வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் விழித்திருக்கிறான் என்றால் வாரத்துக்கு 84 மணி நேரம். பாக்கி எண்பத்திரண்டரை மணி நேரம் உங்களோடும் பாட்டியோடும்தான். ‘வாரம் 40 மணி நேரம் தெரபி வேண்டும்’ என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், 1987-ல் கலிஃபோர்னியாவில் லோவாஸ் என்பவர் வெளியிட்ட ஆய்விலிருந்து. அந்த அளவு பயிற்சி பெற்றவர்கள் அதில் 19 பிள்ளைகள். அதில் அதட்டலும் தொடையில் அடியும்கூட இருந்தன. அந்தப் பகுதியை இன்று யாரும் ஏற்பதில்லை, எண் மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 87 பிள்ளைகளை வாரம் 15 மணி நேரம், 25 மணி நேரம் என்று பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். மொத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று கோவாவிலும் ராவல்பிண்டியிலும் இருக்கிறது. நான் முதலில் சொன்ன பிரிட்டிஷ் முறையை, அங்கே நிபுணர்கள் இல்லாமல் பயிற்சி கொடுத்த சாதாரணப் பணியாளர்களை வைத்துப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 65 பிள்ளைகள். பெற்றோர் பிள்ளையோடு இசைந்து போவதும், பிள்ளை தானாகத் தொடர்பை ஆரம்பிப்பதும் கூடியது என்று 2016-ல் எழுதினார்கள்.

அதனால் நகையை வைக்காதீர்கள். சென்னையில் தெரிந்தவர் இல்லாத ஒரு வாடகை அறையில், பாட்டி இல்லாமல், தெரு இல்லாமல், கடனோடு நீங்கள் தனியாக இருப்பது அவனுக்கு எந்த வகையிலும் நல்லதில்லை. ஒரு முறை முழுமையான மதிப்பீட்டுக்குப் போகலாம். முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது, நிப்மெட் என்பார்கள். 2005-லிருந்து இயங்குகிறது, சின்னப் பிள்ளைகளுக்கான ஆரம்ப நிலைப் பிரிவும் உண்டு. பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வாருங்கள்.

தஞ்சாவூர் மையத்தைப் பற்றி. கதவுக்கு வெளியே நிற்காதீர்கள். அடுத்த முறை, ‘நானும் உள்ளே உட்காருகிறேன். அவனுக்குச் செய்வதை எனக்கும் சொல்லிக்கொடுங்கள்’ என்று கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேட்டே ஆகுங்கள். இந்த மாதம் அவனிடம் எதை எதிர்பார்த்து வேலை செய்கிறார்கள், வீட்டில் நீங்கள் என்ன செய்ய வேண்டும், அழும்போது என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். முதல் ஒன்றிரண்டு நாள் புது இடத்தில் அழுவது சகஜம். நாலு மாதமாக அழுகிறான் என்றால் அங்கே ஏதோ சரியில்லை. கன்னத்தைப் பிடித்துத் திருப்பி ‘லுக் அட் மீ’ என்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கண்ணைப் பார்க்க வைக்க வேண்டும் என்றால் பார்க்கத் தகுந்த காரணம் இருக்க வேண்டும். தாடையைப் பிடித்து வாங்குகிற பார்வையால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. உள்ளே விட மாட்டோம் என்று சொன்னால் அந்த மையம் வேண்டாம். பஸ் காசாவது மிஞ்சும்.

அதற்கு மாற்று, அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம். டிஇஐசி என்று கேட்டால்தான் பலருக்குப் புரியும். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்காக 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் வருவது, செலவு இல்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் எந்த மருத்துவமனையில் இயங்குகிறது என்று சொல்லி, சீட்டும் எழுதிக் கொடுப்பார்கள். மாற்றுத் திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். 2016-ஆம் வருடச் சட்டத்தில் ஆட்டிசம் தனியாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழுக்காக 40 கேள்விகள் கொண்ட ஐஎஸ்ஏஏ என்ற மதிப்பீட்டைச் செய்வார்கள். அதில் வரும் எண்ணைப் பார்த்துக் கலங்காதீர்கள், அது அலுவலகத்துக்கான எண். நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு. வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபி செலவும் அதில் சேரும்.

பள்ளி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் தெரு பால்வாடிக்கு அனுப்புங்கள். பெரிய பிளே ஸ்கூலைவிட இப்போதைக்கு அது நல்லது. தமிழில் கத்தி விளையாடும் பத்துப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். முதல் வாரம் ஒரு மணி நேரம், நீங்களும் கூட இருங்கள். டீச்சரிடம் மூன்று விஷயம் மட்டும் சொல்லிவையுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், முன்னால் வந்து தொட்டுக் கூப்பிட வேண்டும். குக்கர் விசில் வந்தால் பயப்படுவான். ஒண்ணுக்கு வந்தால் இன்ன மாதிரி காட்டுவான்.

வீட்டுக்காரர் தூரத்தில் இருக்கிறார் என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். பிரிட்டிஷ் முறையில் அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு சேர்ந்து பார்ப்பதுதான் முக்கியமான வேலை. பாட்டியை விட்டு ஐந்து நிமிடம் எடுக்கச் சொல்லி துபாய்க்கு அனுப்புங்கள். ‘எந்த இடத்துல என்னைப் பார்த்தான்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க’ என்று அவருக்கு வேலை கொடுங்கள். விளையாடும்போது நமக்குத் தெரியாமல் தப்பிப்போன பார்வையெல்லாம் திரும்பப் பார்க்கும்போது தெரியும். கெட்ட பேர் வாங்கிய அந்தப் போன் இதற்கு உதவட்டும்.

பேசுவானா? பையனைப் பார்க்காமல் நான் வாக்குக் கொடுக்கக் கூடாது, பார்த்தாலும் தேதி சொல்ல முடியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். 4 வயதில் பேச்சு மிகவும் பின்தங்கியிருந்த 535 பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்து 2013-ல் அமெரிக்காவில் எழுதினார்கள். 8 வயதிலோ அதற்குப் பிறகோ பார்க்கும்போது, அவர்களில் 70 சதவீதம் பேருக்குச் சொற்களைச் சேர்த்துச் சொல்ல வந்திருந்தது, 47 சதவீதம் பேர் சரளமாகப் பேசினார்கள். உங்கள் மகனுக்கு இன்னும் 4 ஆகவில்லை, துண்டு துண்டாக வசனமும் வருகிறது. பேச்சு வரும்வரை அவன் கேட்க வழி இல்லாமல் இருக்கக் கூடாது. தண்ணி, முறுக்கு, வெளியே, போதும் என்று நாலு படம் எடுத்து ஓர் அட்டையில் ஒட்டி அடுப்படியில் மாட்டுங்கள். படத்தைக் காட்டிப் பழகினால் பேச மாட்டான் என்பார்கள். அது உண்மை இல்லை, படம் பேச்சைத் தடுப்பதில்லை.

ஸ்டெம் செல் ஊசி, ஆக்சிஜன் அறை, உடம்பிலிருந்து உலோகம் எடுக்கும் சிகிச்சை என்று யார் வந்தாலும் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. உலோகம் எடுக்கும் சிகிச்சையில் 2005-ல் அமெரிக்காவில் 5 வயதுப் பிள்ளை இறந்தே போனான். கோதுமையும் பாலும் நிறுத்தினால் சரியாகும் என்பதற்கும் சான்று இல்லை. ஏற்கெனவே நாலு பதார்த்தம் மட்டும் சாப்பிடுகிற பிள்ளையிடம் இரண்டைப் பிடுங்காதீர்கள். பேச்சு வர வசம்பு உரசி நாக்கில் தடவுவதும் வேண்டாம்.

திருக்கோலக்காவுக்குப் போய் வாருங்கள். மாயவரம் தாண்டி சீர்காழி, சின்னக் கோயில். சம்பந்தரின் பொற்றாளத்துக்கு ஓசை கொடுத்த அம்மன். மாமியாரின் வேண்டுதலில் பிள்ளைமேல் உள்ள பாசம்தான் இருக்கிறது. கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். முதல் நாளே கோயில் படத்தைக் காட்டி, ‘பஸ், கோயில், சாமி, வீடு’ என்று வரிசையாகச் சொல்லுங்கள். மணியடிக்கும்போது பாட்டி அவன் காதைப் பொத்திக்கொள்ளட்டும். அவர் பக்கத்தில் இருப்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று அவரிடமே சொல்லுங்கள். பருப்புக் கடைவதை அவர்தான் நன்றாகச் செய்வார்.

ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் ஒரே ஒரு வரி: இன்று எதைக் கேட்டான், எப்படிக் கேட்டான். மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதும்போது அந்த வரிகளை அனுப்புங்கள். முழங்கையில் நண்டு நின்றபோது அவன் என்ன செய்தான் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா